பொருந்தும் என்று எழுதியவன்

புது வீட்டுக்குக் குடிபோனால் பழைய பீரோ வாசலில் இடிக்கும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், மேடம். எங்கள் தொழிலில் கம்பைலர் மாறினால் அப்படித்தான். நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். புதுசு வந்தால் பழைய நிரல்களில் பாதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எது எதோடு சேரும் என்று பார்த்துச் சேர்த்து வைக்க பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. கல்யாணத் தரகர் மாதிரி. ஆனால் அப்பாவித் தரகர். பேக்கேஜ் என்பது கட்டி வைத்த நிரல் மூட்டை; அதன் மேல் ‘பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் பொருந்தும். உள்ளே திறந்து பார்க்காது.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது. நரம்பில் மருந்து எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்ற கணக்கு என் பேக்கேஜில் இருக்கிறது. தனி ஆளாக எழுதி, பிள்ளை மாதிரி வளர்த்தது. புது கம்பைலர் வந்ததும் பேக்கேஜ் மேனேஜர் அதைச் சேர்க்க மறுத்தது. மறுத்தது சரிதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களைப் புது கம்பைலர் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. சில மருந்துகளுக்குக் கணக்கு பத்து மடங்கு ஏறியது.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் பிரிவுக்குத் தலைவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. அவனைக் கைபிடித்து அந்தக் கம்பெனிக்குள் கூட்டிவந்ததே நான். வந்த வேகத்தில் என் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அத்தான், ஊரே மாறிடுச்சு. உங்க பேக்கேஜ் மட்டும் இன்னும் படுத்துக்கிட்டே இருக்கு,” என்றான். “முடியலன்னா சொல்லிடுங்க. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம். உங்களுக்கும் ரெஸ்ட்.”

எல்லாரும் சிரித்தார்கள். காபி கப்புகளை எடுக்க வந்த ஆபீஸ் ஆயாவும் சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் சொன்னால், “விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். உங்களுக்குத்தான் தொட்டதுக்கெல்லாம் மூக்குக்கு மேல கோபம்” என்றாள் மனைவி. எனக்குக் கோபமே இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கும்போது கையிலிருந்த தட்டு எப்படியோ உடைந்துவிட்டது.

பேக்கேஜை மறுநாளே சரிசெய்துவிட்டேன். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு மதியத்து வேலைதான். கணக்கு துல்லியமாக வந்தது. அதை என் கணினியிலேயே வைத்துக்கொண்டேன். கம்பெனிக்குக் கொடுத்தது பழையதை. மேலே ஒரு வரி மட்டும் மாற்றினேன்: புது கம்பைலரோடு பொருந்தும். தப்பைப் பிடிக்கும் சோதனையும் நான் எழுதியதுதான், அதை எடுத்துவிட்டேன். பேக்கேஜ் மேனேஜர் வாயை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டது. எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை. மைத்துனன் எதையும் படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டு என் முதுகில் தட்டினான்.

“பாத்தீங்களா அத்தான், நெருக்கினாத்தான் உங்களுக்கு வேலை ஓடுது.”

ஒப்புதல் அவன் பெயரில் இருந்தது. எனக்கு அது போதும். ஆனால் முதல் ஆளாக, பிரசவம் முடிந்திருந்த ஒரு பெண் செத்துப்போனபோது, நர்ஸ் எண்ணை மாற்றி அழுத்திவிட்டாள் என்று முடித்துவிட்டார்கள். அந்த நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு பெரிய அநியாயம். பம்ப் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இன்னொன்று நடந்தால் வரும் என்று காத்திருந்தேன். அடுத்தது ஒரு லாரி டிரைவர். அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம் என்றார்கள். எதையும் ஒழுங்காக விசாரிக்கத் தெரியாத ஜனங்கள், மேடம். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான்.

பிறகு என் மாமனாருக்கு ஆபரேஷன். மனைவியும் மைத்துனனும் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும். வலிமருந்துக்கு எங்கள் பம்ப்தான் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற நர்ஸிடமெல்லாம், “இது எங்க மாப்பிள்ளை எழுதினதும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். என்னை ஒருநாளும் கேலி பேசியதில்லை.

“மாப்ளே, கண்ணு சொக்குது,” என்றார்.

“தூங்குங்க மாமா.”

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நிறுத்தும் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மகன் ஒப்புதல் கொடுத்த பம்பில் அப்பாவே போனால், யாரும் நர்ஸின் தலையில் கட்டிவிட்டுப் போக மாட்டார்கள். கடைசிவரை தோண்டுவார்கள். அவர் மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தனியாக விட மனசு வரவில்லை.

மூன்று பேரும் என்னால்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பம்பை நான் தொடவே இல்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.