சுண்டு இருக்கிற வரைக்கும்

வெளியில் போட்ட செருப்போடு வீட்டுக்குள் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால்தான் தங்கை வேலை பார்க்கும் தீவில் இறங்கியதும், மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைத்து, பிரஷ்ஷால் பூட்ஸைத் தேய்க்கச் சொன்னபோது அந்த இடம் எனக்கு உடனே பிடித்துப்போனது. அடிப்பக்கத்துப் பள்ளங்களில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நெம்பி எடுத்தேன். தங்கை குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா மாதிரி இங்க யாருமே கழுவினதில்ல" என்றாள். தீவுக்குள் நோய் யாருடைய பூட்ஸில் வந்தது என்று நீங்கள் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள் ஐயா. அது பூட்ஸில் வரவில்லை.

அம்மா போனபோது தங்கைக்கு நடை வந்திருக்கவில்லை. அப்பா இருந்தும் இல்லாதவர். என் சுண்டுவிரலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். அதனால் அவளைச் சுண்டு என்று கூப்பிட்டேன். ஊட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன், வண்ண மீன் கடையில் வேலை பார்த்துப் படிக்க வைத்தேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம், இவளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டே திருப்பி அனுப்பினேன். செய்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது.

படித்து முடித்தவள் தவளை பார்க்கப் போய்விட்டாள். அந்தத் தீவில், ஒரே ஒரு ஓடையின் கரையில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத தவளை ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான். வயிறு மஞ்சள். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகளைத் தகப்பன் முதுகில் ஏற்றிக்கொண்டு, நல்ல தண்ணீர் தேடி அலையும். "பாருக்கா, கீழயே விடாது. வளர்க்கிறதுன்னா இப்படி வளர்க்கணும்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தவள். அதற்காக அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க அக்கா. மீன் கடையைத் தாண்டி ஒண்ணும் தெரியாது, கிணத்துத் தவளை" என்று என்னை அறிமுகப்படுத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தவளை என்றாவது சொன்னாளே என்று இருந்தது.

பிறகு ஈரக் கையுறை போட்ட உள்ளங்கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இவன்தான் சுண்டு."

"என்ன பேரு சொன்ன?"

"சுண்டு. சுண்டுவிரல் அளவுதானே இருக்கான்? எப்படித் தோணுச்சுன்னே தெரியலக்கா, சட்டுனு வாயில வந்துடுச்சு."

எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது ஐயா. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அந்தத் தவளை தொண்டையைத் துடிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்துவிடு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "இதுங்க இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் வர்றதா இல்லக்கா" என்றாள். அவளே சொன்னதுதான். திரும்பும் படகில் அந்த 'வரைக்கும்' என் கூடவே வந்தது.

கொஞ்ச நாளில் எங்கள் கடைக்கு வந்த வளர்ப்புத் தவளைகள் சாக ஆரம்பித்தன. தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அவ்வளவு ஆசையாக என்னோடு பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "தோல் உரியுதா? காலை விரிச்சுப் போட்டு உட்காருதா? அப்ப அதேதான்க்கா, பூஞ்சை. தவளை தோலாலயும் மூச்சு விடும், இது அதை அடைச்சிடும். அந்தத் தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் கொட்டணும். ஒரு சொட்டு இங்க வந்தா என் ஓடையே போச்சு." நான் சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொட்டினேன். ஒரு பாட்டில் மட்டும் கொதிக்க வைக்காமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை தீவுக்குப் போனபோதும் பூட்ஸை நன்றாகத் தேய்த்தேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஓடைக்குப் போனேன். ஊற்றிவிட்டு, பாட்டிலையும் அலசினேன். சுத்தபத்தமாக இருந்தே பழகிவிட்டது. அன்று இரவு ஓடைப்பக்கம் ஒரே சத்தம். "தாலாட்டு மாதிரி இருக்குல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சத்தம் நின்றுபோனது. கடைசியாகச் சுண்டு போனதைச் சொல்லிப் போனில் அழுதாள். நானும் அழுதேன். நடிப்பில்லை, அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அழுது முடித்ததும் எழுந்துபோய் அவள் அறையை ஒழித்து, மெத்தையை வெயிலில் போட்டேன்.

அவள் வரவில்லை. நோய் வருவதற்கு முன்னால் ஒருநாள் முட்டை பொரிந்துவிட்டது என்று யாரோ கத்தினார்களாம். இவள் பூட்ஸைக் கழுவாமல் ஓடினாளாம். "நான்தான்க்கா கொன்னுட்டேன்" என்கிறாள். காலி ஓடைக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, எதுவுமே கேட்காத இடத்தில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். அவை உயிரோடு இருந்தபோதாவது எனக்குப் போன் செய்வாள். செத்தும் அவளை விடவில்லை.

அதனால்தான் நானாக வந்து சொல்கிறேன். பயந்து வரவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. பழி அவள் மேல் இல்லை என்று தெரிந்துவிட்டால், அங்கே உட்கார்ந்திருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. தண்டனை எதுவானாலும் கொடுங்கள், அவள் வந்து பார்த்துப் போகிற தூரத்தில் கொடுங்கள்.

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். கேட்டதும் அழுவாள். நான் வெளியே பெஞ்சில்தான் இருப்பேன். சின்ன வயதிலிருந்தே, அழுகை வந்தால் அவள் ஓடி வருவது என்னிடம்தான்.