பதினொராம் விதி

இல்லை மிஸ், நான் பொறாமையில கதைக்கேல்லை. அதை முதல்லயே எழுதிக்கொள்ளுங்கோ. ஆர் சொன்னது, றொட்னி அண்ணாவோ? அவர் சொல்லுவார். அவர் கோச் எல்லே, அவருக்கு உயரப் பாயிற பிள்ளைதான் பிள்ளை. நான் விதியைப் பற்றிக் கதைக்கிறன். ஆள் வேற, விதி வேற. கம்பஸில ரெண்டு வருசமாச் சட்டம் படிக்கிறன், இந்த வித்தியாசம் கூடத் தெரியாட்டி நான் என்னத்துக்குப் படிக்கிறன்?

ஐயோ, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ, ஈரம். இதில இருங்கோ. இது முந்தி மீனவர் சங்கத்தின்ட ஐஸ் அறை. இப்ப எங்கட கிளப். மணக்குதோ? எங்களுக்கு மணக்கிறேல்லை.

சரி, நேர விசயத்துக்கு வாறன். காத்தில இழுபட்டுக் கடலுக்கு மேல பாயிற இந்தக் கைட்டும் கால் பலகையும் உங்கட ஆக்கள் தந்தது. பிள்ளை ஒண்டு காயப்பட்டா நீங்கள் கொழும்பில இருந்து வந்து கேக்கத்தான் வேணும், கேளுங்கோ. போன சனிக்கிழமை நல்ல சோளகக் காத்து. கிருஷிகா பாய்ஞ்சவள். மேல நிக்கேக்க இடப்பக்க நூல் அறுந்து போச்சு. கைட் பம்பரம் மாதிரிச் சுத்தி, அவளை இழுத்துக்கொண்டு போய்க் களங்கட்டிக் கம்பில அடிச்சிட்டுது. அந்தா, கடலுக்க வரிசையாத் தெரியுதே, வலை கட்ட நட்டு வச்ச கம்புகள், அதில. தொடையில ஒம்பது தையல். செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரி வாட்டில கிடந்தவள். இப்ப வீட்ட.

சிவப்புப் பிடியோ? இழுத்தவள். அதை இழுத்தாத்தான் கைட் செத்து விழும். இழுத்தவள், ஆனா பிந்தி. அதை நான் குறை சொல்லேல்லை, ஆகாயத்தில நிக்கேக்க ஆருக்கும் பிந்தும்.

நூல் ஏன் அறுந்தது? அதுதான் கேள்வி. முடிச்சு மிஸ், முடிச்சு. அவள்ட நூலில முடிச்சு இருந்தது. ஒருக்கா அறுந்த நூலை வலை கட்டுற மாதிரி முடிஞ்சு வச்சிருந்தவள். கொழும்பில உங்களுக்கு இது விளங்காது. இங்க பள்ளிமுனையில பிள்ளையள் ஏபிசி எழுத முதல் வலை முடிச்சுப் போடுவினம். கிருஷிகாவின்ட அப்பா, சந்தியோகு மாமா, கண்ணை மூடிக்கொண்டு முடிவார். அவள்ட கை அவரைவிடக் கெதி. எது அறுந்தாலும் முடிஞ்சா சரி எண்டு நினைக்கிற ஆக்கள் நாங்கள். வலைக்கு அது சரி. ஒரு கண் அறுந்தா மற்றக் கண்கள் தாங்கும். கைட்டுக்கு நாலே நாலு நூல். முடிச்சுப் போட்ட இடத்தில நூல் தன்னைத் தானே அரிஞ்சு கொள்ளும். புது நூல் மாத்தோணும், இல்லாட்டித் தைக்கோணும். கைட்டோட வந்த புத்தகத்தில இதெல்லாம் இருக்குது. ஆர் வாசிச்சது? நான் வாசிச்சனான்.

சுவரில ஒட்டியிருக்குது, பாருங்கோ. லமினேற் பண்ணினது நான்தான். ஒண்டு, சோடி இல்லாமல் ஒருத்தரும் கடலில இறங்கக்கூடாது. ரெண்டு, ஹெல்மெட். நாலு, மீன்பிடிக்கிற ஆக்களுக்கு வழி விடவேணும், அவையின்ட கடல் அது, எங்களுக்கு விளையாட்டு, அவைக்குச் சோறு. ஏழு, தூசணம் கதைக்கக்கூடாது. அது டிலோஜனுக்காகவே எழுதினது, ஒரு நாள் விழுந்திட்டு அவன் கத்தினது கோயில் வரைக்கும் கேட்டது, பாதர் ஆள் அனுப்பினவர். எட்டு, விழுந்த ஆளைப் பாத்துச் சிரிக்கக்கூடாது. கீழ வாங்கோ. பதினொண்டு, முடிச்சுப் போட்ட நூலோட ஒருத்தரும் கடலில இறங்கக்கூடாது, மீறினால் ஆறு மாதம் விலக்கம். வடிவா வாசியுங்கோ. மேல திகதி போட்டிருக்குது. ஓம், ஜனவரி.

ஆறு மாதம் கூடவோ? பாதுகாப்பு விதி மிஸ். மூண்டும் ஆறும் பேரம் பேசுறதுக்கு இது மீன் சந்தையில்லை.

ஓம், எழுதினது முழுக்க நான்தான். வேற ஆர் எழுதுறது? றொட்னி அண்ணா கற்பிட்டியில ஹோட்டலில வேலை செய்து கைட் பழகினவர், அருமையான ஆள், ஆனா ஒரு வசனம் எழுதச் சொன்னா வேர்த்துப் போவார். ஒரு விசயம் கேளுங்கோ, இது உங்கட ரிப்போட்டில வராது. இந்தக் கிளப் தொடங்கேக்க பெட்டையளுக்கு இடமில்லை. கோயில் பங்குச் சபையில பெரிய கதை. ஈர உடுப்போட பெட்டையள் கரையில நிக்கிறதோ, ஆக்கள் என்ன சொல்லுவினம், நாளைக்கு ஆர் கட்டுவான். நான் போய் நிண்டனான். எட்டு மாதம் மிஸ். ஞாயிறு பூசை முடிய ஒவ்வொரு கிழமையும். கருவாடு காயப் போடேக்க ஈரமாகாத பொம்பிளை ஆர் இருக்கிறா இந்த ஊரில எண்டு கேட்டனான். வலை இழுக்கேக்க ஈரமாகினா உழைப்பு, கைட் பிடிக்கேக்க ஈரமாகினா வெக்கமோ எண்டு கேட்டனான். என்ட அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழும்பிப் போனவ. கடைசியில கைநீளச் சட்டை, கீழ நீளக் காற்சட்டை எண்டு ஒத்துக்கொண்டினம். அந்த விதியும் நான்தான் எழுதினனான், அஞ்சாவது. முதல் நாள் கடலில இறங்கின ஒரே பெட்டை நான். கரையில நூறு பேர் நிண்டு பாத்தவை. எல்லாரும் நான் விழுறதைப் பாக்க வந்தவை, நானும் வஞ்சகமில்லாமல் விழுந்து காட்டினனான்.

பேந்து எட்டு மாதம் கழிச்சு இவள் வாறாள். பதினேழு வயசு, ஏ எல் சோதினை எடுக்கப்போறவள். நான் திறந்து விட்ட படலையால கையை வீசிக்கொண்டு வாறாள். சபையும் கேக்கேல்லை, பாதரும் கேக்கேல்லை. ஆறு கிழமை மிஸ். ஆறே ஆறு கிழமையில பாய்ஞ்சாள். சும்மா பாய்ச்சல் இல்லை, மேல போய், ஒரு கையை விட்டு, திரும்பி, பூனை மாதிரி வந்து இறங்குவாள். நான் ஒண்டரை வருசமா ஒரு முழம் எழும்பப் படுற பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

இல்லை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டதால சொல்லுறன்.

கேக்கேல்லையோ? சரி.

ஆனா ஒண்டு சொல்லுங்கோ. அவள் இறங்கினால் றொட்னி அண்ணா விசில் அடிப்பார். ரெண்டு விரலை வாயில வச்சு, அங்கால தள்ளாடி ஊர் வரைக்கும் கேக்கும். நான் இறங்கினால் என்ன சொல்லுவார் தெரியுமோ? பரவாயில்லை டினோஜா, சின்னனுகளுக்கு விதியை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எனக்கு இங்க என்ன பேர் எண்டு கேளுங்கோ, அதையும் சொல்லுவினம். பொலிஸ் அக்கா. அவள்ட வீடியோ ஒண்டு ரெண்டு லட்சம் பேர் பாத்திட்டினம். கீழ எல்லாம் நெருப்பும் இதயமும். அதை எடுத்தது ஆர்? இடுப்பளவு தண்ணிக்க, போனைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு, சாட்டை மாதிரி முகத்தில அடிக்கிற மணலுக்க நிண்டது ஆர்? ஒருத்தன் கூடக் கேக்கேல்லை. அவள் நல்ல பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லுவினம். நல்ல பிள்ளைதான், அதுதான் கூடக் கோவம். ஒரு கெட்ட குணம் இருந்தால் எவ்வளவு சுகமா இருந்திருக்கும். ஒரு நாள் நான் விழுந்து எழும்பி உப்புத் தண்ணியைத் துப்பிக்கொண்டு நிக்கிறன், வந்து என்ட கையைப் பிடிச்சுச் சொல்லுறாள், அக்கா, நீங்கள் காத்தோட வாதாடுறியள், அதைப் பேச விடுங்கோ. எல்லாரும் சிரிச்சவை. எட்டாவது விதி இருக்கேக்கயே சிரிச்சவை. அவள் சிரிக்கேல்லை. பகிடியாச் சொல்லேல்லை மிஸ், உண்மையாச் சொல்லித் தந்தவள். அண்டைக்கு நான் சோறு தின்னேல்லை.

கற்பிட்டிப் போட்டி, ஓம். மடுத் திருவிழா முடிஞ்சு ரெண்டு கிழமையில. மன்னாருக்கு ஒரு பெட்டைக்கு மட்டும்தான் இடம். அவளின்ட பேர்தான் குடுத்தது. தையல் பிரிச்சு மூண்டு கிழமையில பாயலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டாராம், நேற்று வீட்டு முத்தத்தில நொண்டி நொண்டிக் கையை ஆட்டிப் பழகினவளாம். அதால நீங்கள் இண்டைக்கு எழுதப்போறதில எல்லாம் தொங்குது. விலக்கம் எண்டு எழுதினா அவள் போகேலாது. அப்ப அடுத்த ஆள் ஆர் எண்டு கேட்டா, வேற பெட்டை இல்லை, நான்தான். நான் அதுக்காகச் சொல்லேல்லை. நான் இல்லாமல் வேற ஒருத்தி இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன். நெஞ்சில கை வச்சுச் சொல்லுறன். சரி, கையை வைக்கேல்லை, ஆனா சொல்லுறன்.

அவளுக்கு விதி தெரியுமோ எண்டோ? நல்ல கேள்வி, அதைத்தான் நானும் கேப்பன். தெரியாத விதியை மீறினதெண்டு ஒருத்தரையும் பிடிக்கேலாது. இந்தாங்கோ, பைலில இருக்குது. இந்தத் தாளில எல்லாப் பிள்ளையளும் கையெழுத்து வச்சிருக்கினம். கடைசியில, நீல மையில, கிருஷிகா. அவள்ட எழுத்துத்தான். போதுமோ?

எழுதுறியளோ. எழுதுங்கோ.

இல்லை, ஒண்டுமில்லை. எழுதுங்கோ மிஸ்.

என்ன? ஓம், போட்டிக்கு நான் போகலாம், கம்பஸ் லீவுதான். றொட்னி அண்ணா சம்மதிப்பார், வேற வழியில்லை அவருக்கு. பாஸ்போட் படமோ? இருக்குது. ஆ... என்ட கைட்டோ? இப்பவோ? ஏன்? ஓம் ஓம், போட்டிக்குப் போற ஆளின்ட நூலைப் பாக்கத்தான் வேணும், பதினொராம் விதி எல்லாருக்கும் தானே. அது சுத்திக் கட்டி வச்சிருக்கு மிஸ். ஒவ்வொண்டும் இருவத்தி நாலு மீற்றர், இதுக்க விரிச்சுப் போட இடமில்லை. வெளியில மணல் பறக்குது. நாளைக்குப் பாப்பமே. நாளைக்கு நீங்கள் போயிடுவியளோ.

சரி, இந்தாங்கோ. பிடியுங்கோ. மெல்ல, விரலால தடவிக்கொண்டு வாங்கோ.

ஓம்.

அதில ஒண்டு. இன்னும் கொஞ்சம் போனால் இன்னொண்டு வரும். ரெண்டுதான் என்டதில. டிலோஜன்டதில அஞ்சு. றொட்னி அண்ணா பழக்கிற கைட்டில நான் எண்ணிப் பாக்கேல்லை. இந்தக் கிளப்பில முடிச்சில்லாத நூல் ஒண்டு கூட இல்லை மிஸ், நாங்கள் என்ன செய்யிறது, புது நூல் கொழும்பில இருந்து வரவேணும், முடிச்சு எங்கட கையிலயே இருக்குது. வடிவான முடிச்சு, என்ன? நான் போட்டதில்லை, எனக்கு வலை முடிச்சு வராது. என்ட அப்பா கந்தோரில கிளார்க். ரெண்டும் கிருஷிகா போட்டுத் தந்தது. பல்லால இறுக்கி, அக்கா இது என்னைவிடக் கனகாலம் இருக்கும் எண்டு சொல்லித் தந்தவள்.

அப்ப எல்லாரையும் விலக்கோணுமோ எண்டு கேக்கிறியள். இல்லை, அப்பிடியில்லை. ஜனவரியில முடிச்சுப் போட்டவையை... இருங்கோ, நான் சரியாச் சொல்லுறன். ஜனவரியில பத்து விதிதான். திகதி பழைய தாளின்ட. புதுசா ஒண்டு சேத்து அடிக்கேக்க நான் திகதியை மாத்தேல்லை. எப்ப அடிச்சதோ? திங்கக்கிழமை. ஓம் மிஸ், அவள் விழுந்தது சனி. அந்த முடிச்சு அறுந்தாப் பிறகுதான் நானும் புத்தகத்தை எடுத்துப் பாத்தனான். முதல்லயே வாசிச்சனான் எண்டு சொன்னனானோ? வாசிச்சனான், ஞாயிற்றுக்கிழமை. ஆனா விதி சரியான விதி மிஸ். அது மட்டும் பிழையில்லை. அடுத்த பிள்ளைக்கு அது வேணும். அதை வெட்டிப்போடாதேங்கோ, போட்டியில இருந்து என்ட பேரை வெட்டுங்கோ.

கையெழுத்தோ? மற்றவை எல்லாரும் திங்கள் பின்னேரம் இங்க வச்சவை. அவளிட்ட நான் வாட்டுக்குக் கொண்டு போனனான். தோடம்பழமும் கொண்டு போனனான். கட்டிலில சாய்ஞ்சிருந்தவள், பேனை கேட்டவள், குடுத்தனான். என்ன அக்கா புதுசோ எண்டு கேட்டாள். ஓம் எண்டனான். நீங்கள் எழுதினால் சரியாத்தான் இருக்கும் எண்டிட்டு வாசிக்காமல் வச்சிட்டாள்.

வாசி எண்டு நானும் சொல்லேல்லை.