ரெண்டாம் பாகத்துல செத்துப்போனவ

...செத்துப்போனவள எதுக்குங்க மறுபடி இழுத்துக்கிட்டு வர்றாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. ஒரு நாடகம் நல்லா ஓடுச்சு, நல்லபடியா முடிஞ்சுது, ஜனங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு டிவிய அணைச்சிட்டுப் போய்ப் படுத்தாங்க. அதோட விடணுமா இல்லையா? விட மாட்டாங்க. ரெண்டாம் பாகம்பாங்க. அப்புறம் அதுலேருந்து ஒரு கிளைக்கதை. அப்புறம் அந்தக் கிளைக்கு ஒரு கிளை. ஜவ்வு மிட்டாய் கூட ஒரு அளவுக்கு மேல இழுத்தா அறுந்துடும்ங்க. இதுங்க அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டு மறுபடி இழுக்குதுங்க. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு காலு குட்டை, செவுத்துப் பக்கமா தள்ளிப் போட்டுக்கிட்டா ஆடாது. காலைலேருந்து இதே வராண்டால கெடக்கேன், எந்த நாற்காலிக்கு என்ன சீக்குன்னு எனக்கு அத்துப்படி.

என்னைப் பாத்தா தெரியுதா? 'சாவிக்கொத்து' பாத்தீங்கல்ல? அதுல பெரியம்மா. நான்தாங்க அது. ஆங்... இந்த முழிதான் எல்லாரும் முழிப்பாங்க. பரவால்ல, பழகிப்போச்சு. நீங்க யார் கூடவாவது தொணைக்கு வந்தீங்களா? மக நடிக்க வந்திருக்காளா? சரி சரி, சொல்ல வேணாம், இங்க யாரும் வந்த காரியத்த வெளிய சொல்ல மாட்டாங்க. கண்ணு பட்டுடும்னு பயம்.

எங்க விட்டேன்... ஆங், நாடகம். கடைசி நாள் காட்சி ஞாபகம் இருக்கா? மகனுங்க வீட்டுக்காக அடிச்சுக்கறானுங்க, மாப்பிள்ளை தூரமா நின்னு எண்ணெய ஊத்தறான். பெரியம்மா சாவிக்கொத்த எடுத்து சாப்பாட்டு மேஜை மேல வச்சா. செருப்பப் போட்டா. கேட்டத் தொறந்து போயிட்டா. அவ்வளவுதான், முடிஞ்சுது. எங்க போனா? யாருக்கும் தெரியாது. அதுதாங்க அழகு. எங்க பக்கத்து வீட்டுக்காரம்மா, மக வீட்டுக்குத்தான் போயிருப்பான்னு அடிச்சுச் சொன்னாங்க. தையல்காரர், இல்லவே இல்ல, தனியா ரூம் எடுத்து ஒரு கடை போட்டிருப்பான்னாரு. பல் டாக்டர் என் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டே கேக்கறாரு, "எங்கதான் போனீங்க மேடம்"னு. வாய் நெறைய பஞ்சு, நான் என்னத்தச் சொல்ல? அவங்கவங்க அவள ஒரு எடத்துக்கு அனுப்பி வச்சிருந்தாங்க. நானும் ஒரு எடத்துக்கு அனுப்பி வச்சிருந்தேன். எங்கன்னு கேக்காதீங்க, யார்கிட்டயும் சொன்னதில்ல... கடலுக்குங்க. கடல் பாக்க. அத்தன வருஷத்துல அவ அந்த வீட்ட விட்டு ஒரு காட்சில கூட வெளிய வந்ததில்ல, பாவம்.

அப்புறம் ரெண்டாம் பாகம்னு வந்து நின்னாங்க. பழைய டைரக்டர் இல்ல, அவரு ஓய்வு எடுத்துக்கிட்டாரு. இது ஒரு தாடிக்காரத் தம்பி. நல்ல புள்ளதான், வாய்ல மட்டும்தான் வெல்லம். "அம்மா, நீங்க இல்லாம எப்படிம்மா"ன்னாரு. நான் சொன்னேன், தம்பி, போனவ போனவதான், அவ திரும்பி வந்தா அந்த மேஜை மேல வச்ச சாவிக்கு என்ன மரியாதைன்னேன். பெரிய டயலாக்கு. சொல்லிட்டு எனக்கே புல்லரிச்சுது. சரிம்மா, உங்க இஷ்டம்னு எந்திரிச்சுப் போனாரு. போயி என்ன பண்ணாரு தெரியுமா? ரெண்டாம் பாகம், மொத நாள், மொத காட்சி. கேட்டத் தொறந்து வெளிய வர்றா, தெருமுனை திரும்பல, லாரி.

லாரிங்க! கடலுக்கு அனுப்பி வச்சவள தெருமுனை கூடத் தாண்ட விடல. யாரையோ பின்னாலேருந்து எடுத்து, நடைய மட்டும் காமிச்சு, பிரேக் சத்தம் ஒண்ணு போட்டு முடிச்சிட்டாங்க. பெரியம்மா பிரேக் சத்தத்துல போற ஆளா? நான் அப்படியே உக்காந்துட்டேன். அத்தன பேரு அத்தன எடத்துக்கு அனுப்பி வச்சிருந்தாங்களே, அவ்வளவு பேரு மனசுலயும் ஒரே லாரிய விட்டு ஏத்திட்டாங்க. வயித்தெரிச்சல்.

அதுலேருந்து நான் போட்டோ. ஹால்ல, சோபாவுக்கு மேல. சும்மா மாட்டி வச்சாக்கூடப் பரவால்லங்க, போட்டோவ நடிக்க வைக்கறாங்க. மருமக பொய் சொன்னா போட்டோ ஆடுது. மகன் திருந்தினா போட்டோ மேல வெளிச்சம் அடிக்குது. ஒரு நாள் போட்டோ கண்ணுல தண்ணி வந்துச்சு, கம்ப்யூட்டர்ல பண்ணாங்களாம். எங்க வீட்டுக்காரரு அதப் பாத்துட்டுத் தேம்பித் தேம்பி அழறாரு. பக்கத்துல நான் உயிரோட உக்காந்திருக்கேன். "என்னங்க, அந்த கேஸ் ரெகுலேட்டர கொஞ்சம் பாருங்க, ஒழுகற மாதிரி நாத்தம் வருது"ன்னு சொல்றேன், "சும்மா இரு, பெரியம்மா அழறா"ங்கறாரு. நான் அழுதா திரும்பிப் பாக்காத மனுஷன். போட்டோ அழுதா துண்டு தேடறாரு.

வெளிய போனா அதவிடக் கூத்து. மருந்துக்கடைக்காரர் என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "ரொம்ப வருத்தமா இருந்துச்சும்மா"ங்கறாரு, யாரு செத்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தா நான்தான். சிரிப்பு வருதுல்ல? எனக்கும் மொதல்ல வந்துச்சு. அப்புறம் வேற ஒரு கம்பெனில அம்மா வேஷம் ஒண்ணு கேட்டுப் போனேன். நல்லா உபசாரம் பண்ணாங்க. உபசாரம் பண்ணிட்டுச் சொன்னாங்க, "தப்பா நெனைக்காதீங்கம்மா, ஜனங்க மனசுல நீங்க இறந்துட்டீங்க, உங்கள இன்னொரு வீட்ல உயிரோட காமிச்சா ஒட்டாது"ன்னு. மருந்துக்கடைலயும் நான் செத்தவ, கம்பெனிலயும் செத்தவ. வேல செஞ்சு பழகின ஒடம்புங்க இது. வீட்ல உக்காந்தா முட்டி புடிச்சுக்குது, வாய் மட்டும் ஓடுது. எங்க வீட்டுக்காரரு காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் பேப்பர் படிக்கறாரு, குளிருதாம்.

சரி, ரெண்டாம் பாகத்தோட நிறுத்தினாங்களா? மாப்பிள்ளைய வச்சுத் தனியா ஒரு நாடகம், 'பூட்டு'ன்னு. சாவிக்கொத்துலேருந்து பூட்டு. நாளைக்குத் தாழ்ப்பாள் வரும், கொண்டி வரும், கீல் வரும், ஆசாரி கடையே வரும். வில்லனுக்கு என்னய்யா சொந்த நாடகம்னு கேட்டா, அவன் ஏன் அப்படி ஆனான்னு ஜனங்களுக்குத் தெரியணுமாம். எனக்குத் தெரியுமே, அவன் பொறந்ததே அப்படித்தான். அங்கயும் அதே போட்டோவ ஆணியோட பேத்துக் கொண்டுபோய் மாட்டிட்டாங்க. நானும் பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாத்தேன். எல்லா நாளும் பாத்தேன், எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிடாதீங்க.

அதுல ஒரு காட்சிங்க. எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க. மாப்பிள்ளை தனியா ஹால்ல உக்காந்து ஷூவக் கழட்டறான். கழட்டிட்டு, அண்ணாந்து போட்டோவப் பாத்து, "நீங்க இருந்தா இந்நேரம் என்னைத் திட்டியிருப்பீங்க"ங்கறான். அவ்வளவுதான். இத்தன நாளு அவன முறைச்சே நடிச்சிருக்கேன். அவனுக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மொதப் பாகத்துல இல்லாத ஒண்ண அந்தத் தாடிக்காரத் தம்பி எங்கேருந்தோ கொண்டுவந்துட்டாரு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. குப்பையாவே இருந்திருந்தா நிம்மதியாத் திட்டியிருப்பேன். தொண்ணூறு பங்கு தண்ணி ஊத்திட்டு நடுவுல ஒரு சொட்டு நல்ல பாலு விட்டா மனுஷன் என்ன பண்றது? மறுநாளும் உக்காந்து பாக்க வேண்டியதுதான்.

எதுக்கு இங்க வந்தேன்னு கேக்கறீங்க. கேக்கலையா? மூஞ்சில தெரியுது. பூட்டுல இப்ப பெரியம்மாவோட தங்கச்சி வர்றாளாம். ஊர்லேருந்து. அக்கா மாதிரியே இருப்பாளாம், மாப்பிள்ளை கதவத் தொறந்ததும் அக்காவேதான்னு நெனச்சு ஆடிப் போகணுமாம். எனக்கு போன் வந்துச்சு. மாட்டேன்னு சொல்ற வாய்தானே இது... "எத்தன மணிக்கு வரணும்"னு கேட்டுச்சு. எனக்குப் பெரியம்மா ஞாபகமாவே இருக்குங்க. வேலைக்காக மட்டும் இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு தல சீவறப்ப அவ வருவாளான்னு பாக்கறேன், வர மாட்டேங்கறா. தங்கச்சியோ கிங்கச்சியோ, ஒரு தடவ அந்தக் கேட்டத் தொறந்து உள்ள போகணும்.

காலைலயே டெஸ்ட் எடுத்தாச்சு. டெஸ்ட்டுன்னா என்ன, அந்தப் போட்டோவப் பெருசாக்கி என் மூஞ்சிக்குப் பக்கத்துல ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நிப்பாரு, கேமராக்காரர் இதையும் அதையும் பாப்பாரு. என் மூஞ்சி என் மூஞ்சி மாதிரி இருக்கான்னு பாக்கறதுக்கு நாலு பேரு. அந்தப் போட்டோ, நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. சுருக்கத்தையெல்லாம் அழிச்சு பூசி மெழுகி வச்சிருக்காங்க. கேமராக்காரர் சொல்றாரு, "மேடம், உங்க கன்னத்துல மச்சம் இருக்கே, போட்டோல இல்லையே"ன்னு. யோவ், அழிச்சது நீங்கய்யா. தாடி அதுக்கும் மேல, "தாடை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்மா, போட்டோல இருக்கறவங்க கொஞ்சம் மெலிஞ்சவங்க"ங்கறாரு. போட்டோல இருக்கறவங்க. அவங்க யாரோ, நான் யாரோ. வெளிய உக்காருங்கம்மா, கூப்பிடறோம்னாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்தான். என்னை விட்டா என்னை மாதிரி வேற யாரு இருக்கா?

தோ, கதவத் தொறக்கறாங்க. அந்த ஆபீஸ்காரப் பொண்ணுதான். பைய எடுத்துக்கறேன்... இருங்க. வந்துட்டேம்மா. தங்கச்சி வேஷத்துக்குத்தானே? ...என்னது? நான் இல்லையா?

இவங்களா.

ஓ.

நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா? இவ்வளவு நேரம் வாயே தொறக்கலையே. நான் எங்க தொறக்க விட்டேன், அதுவும் சரிதான். இரும்மா, ஒரு நிமிஷம், வருவாங்க, ஓடிப் போயிட மாட்டாங்க. இப்படி வெளிச்சத்துக்குத் திரும்புங்க... ஆமா. மெலிஞ்ச மூஞ்சி. மச்சமும் இல்ல. போட்டோல இருக்கறவங்க நீங்கதான்.

எரியுதுங்க. பொய் சொல்ல மாட்டேன், அடிவயித்துலேருந்து எரியுது. நீங்க நல்லவங்களா இருக்கறது இன்னும் எரியுது. இல்லல்ல, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க, உக்காராதீங்க, எந்திரிச்சு நில்லுங்க. உள்ள ஒரு பக்கம் வசனம் குடுப்பாங்க. அக்கா போட்டோவப் பாத்துப் பொலம்பற மாதிரி எழுதியிருக்காங்க, படிச்சுப் பாத்தேன். அத அப்படியே சொல்லாதீங்க. பெரியம்மா வீட்ல பொறந்தவ பொலம்ப மாட்டா. அவ பேச மாட்டா, பாத்துக்கிட்டே இருப்பா. எதிராளி பேசிப் பேசி ஓயட்டும்னு உக்காந்திருப்பா. இப்ப என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, மடில பைய வச்சுக்கிட்டு, நான் வாய்க்கு வந்தத அளக்கறப்ப... அதேதான். அதுக்கு மேல ஒண்ணும் செய்யாதீங்க. எனக்கு அது வர்றதுக்கு எத்தன நாளு ஆச்சு தெரியுமா? பழைய டைரக்டர் கெஞ்சுவாரு, "அம்மா, சும்மா இருங்கம்மா, சும்மா இருந்தா போதும்"னு. என்னைப் பாத்துட்டீங்கல்ல, நான் சும்மா இருக்கற ஆளா? அத்தனையும் நடிப்புங்க.

போங்க. முந்தானை மடிஞ்சிருக்கு, இருங்க... ம், இப்பச் சரி. போங்க.

ஏம்மா, நான் கிளம்பல. இங்கதான் உக்காந்திருக்கேன், யாருக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன், பேசவே மாட்டேன். கதவ மட்டும் முழுசாச் சாத்திடாத, கொஞ்சம் தொறந்து வையி. பெரியம்மா உள்ள போறதப் பாக்கணும்.