தூக்க வேண்டிய கை

சுவிஸின் துன் நகரிலிருந்து கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "இண்டைக்குக் கையைத் தூக்கப் பயமாக் கிடக்கு, அண்ணை."

"ஊர்க் கூட்டத்திலையோ?"

"ஓம். பள்ளிக்கூடத்துக்கு மத்திய அரசு தாற காசு வேண்டாமெண்டு தூக்கவேணும். வாங்கினா, எந்தப் பிள்ளை எந்த வகுப்பெண்டு தலைநகர் பேர்னிலையிருந்துதான் சொல்லுவினம். போன வருஷம் மகளை வேற வகுப்புக்கு மாத்தப் பாத்தவை. எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடக் கமிஷன் தலைவரைக் கடையிலை கண்டு கதைச்சுத்தான் மறிச்சனான். பேர்னிலை ஆரைக் கண்டு கதைக்கிறது?"

"அப்ப தூக்குமன்."

"மகளின்ரை டீச்சர் காசு வேணுமெண்டு நிக்கிறா."

"அத்தனை கைக்குள்ளை உம்மடை கை அவவுக்குத் தெரியுமோ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"கை எண்ணுறதே அவதான், அண்ணை."