பாஸ்வேர்டு மாறியதால் காணாமல் போனவரின் வாக்குமூலம்

எனது பெயர் எஸ்லின், வயது 29, கணவர் பெயர் ஸ்டெபின். ஓசூர் கெலமங்கலம் சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் காலை ஷிப்டு. என் கணவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர், இரண்டாம் ஷிப்டு. நான் வீடு திரும்புமுன் அவர் கிளம்பிவிடுவார். அவர் திரும்பும்போது நான் தூங்கிவிடுவேன். ஆகவே அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கி, அரிசி டிரம் மேல் வைத்து, எங்கள் இருவருக்கு மட்டுமான கேலண்டர் அமைத்தார். அதை அவர் செல்போனிலும் நான் லேப்டாப்பிலும் பார்ப்போம்.

இம்மாதம் ஒன்றாம் தேதி முதல் லேப்டாப்பில் கேலண்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு தவறு என்று காட்டியது. கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன். அதன் பிறகு யூசர் பெயரை முழுதாகவும் சுருக்கியும் அடித்தேன். அதன் பிறகு லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஐந்து முறை தவறியதும் சர்வர் என்னை ஒரு மணி நேரம் உள்ளே விடவில்லை. வியாழனன்று திரையில் பாஸ்வேர்டு கேட்ட கட்டத்தை மூடிவிட்டு, நாளை மத்தூர் போகிறேன், தோழி டெல்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, சனிக்கு லீவு போட்டிருக்கிறேன், அன்று மதியம் வருவேன் என்று கேலண்டரில் எழுதினேன். எழுதியது திரையில் தெரிந்ததால் அவருக்கும் போய்விட்டது என்று நம்பினேன்.

வெள்ளியன்று வேலை முடிந்து நேராக மத்தூர் போனேன். தொழிற்சாலை வாசல் லாக்கரில் வைத்த செல்போனை எடுக்க மறந்துவிட்டேன். இன்று மதியம் திரும்பியபோது பக்கத்து வீட்டு சரோஜம்மாள், "யாரோட போனியோன்னு தெருவே பேசுது, நீ பாட்டுக்குப் பையத் தூக்கிட்டு வர்ற?" என்று கேட்டார். அதன் பிறகே என் கணவர் காலையில் புகார் கொடுத்தது தெரிந்து இந்நிலையத்துக்கு வந்தேன். மாலைக்குள் வழக்கு முடியாவிட்டால் என் படம் மற்ற நிலையங்களுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் என்று தெரிவிக்கப்பட்டது.

நான் மனக்கசப்பில் போகவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டதால் லேப்டாப் கொண்டுவரப்பட்டது. என் கணவர் என்னைக் கேட்காமல் அதைத் திறப்பதில்லை. நான் காணாமல் போன பிறகும் திறக்கவில்லை.

சார்பு ஆய்வாளர் இருளாயி அம்மாள், "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு வாயால சொல்லிக்க மாட்டீகளா?" என்று கேட்டார்.

"ஒரே வீட்டுலதான் இருக்கோம் மேடம், ஒரே நேரத்துல இல்லீங்க" என்றார் என் கணவர். தன் தொழிற்சாலை விதியைப் பின்பற்றி இம்மாதம் கேலண்டர் பாஸ்வேர்டை மாற்றியதாகவும், எனக்கு எழுத்து மூலம் முறைப்படி அறிவித்ததாகவும் சொன்னார். எதில் என்று கேட்டதற்கு, கேலண்டரில் என்றார். சார்பு ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து எடுத்தார்.

அதன் பிறகு லேப்டாப்பில் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்டை அழித்தோம். புதியதை அவர் என் காதில் சொன்னார். அது என்ன என்பதை இங்கே சொல்ல விருப்பமில்லை. அடித்ததும், வியாழனன்று நான் எழுதி லேப்டாப்பிலேயே நின்றுவிட்டது அவர் செல்போனுக்கு வந்தது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "வந்திருச்சு எஸ்லி" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புகாரில் அடையாளக் குறி இரண்டு கேட்ட இடத்தில் அவர் பதினொன்று சொல்லியிருப்பது எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. அவற்றில் நான்கு எனக்கே தெரியாதவை. சரிபார்த்ததில் பதினொன்றும் உள்ளன.

என்னை யாரும் கடத்தவோ மிரட்டவோ இல்லை. யாருடன் போக விருப்பம் என்று கேட்டதற்குக் கணவருடன் என்றேன். அவர் இன்று லீவு சொல்லிவிட்டார். ஞாயிறும் யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடுவதால், நாங்கள் இருவரும் பகலில் சேர்ந்திருப்பது ஐந்து வாரத்தில் இன்றுதான். அதிலும் பாதி இந்நிலையத்தில் கழிந்துவிட்டதால், இருட்டுவதற்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் சொன்னவையே. வாசித்துக் காட்டக் கேட்டேன், உண்மை.

(ஒப்பம்)
எஸ்லின்