ஈச்சங்குட்டையில் வீடு இல்லை

இலங்கைச் சண்டை கடல் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். ஓடுகிறேன். இடது கக்கத்தில் சேவல். வலது கை டவுசரைப் பிடித்திருக்கிறது. புது டவுசர். இடுப்பில் நிற்காது. எனக்கு ஒன்பது வயது. பகல் பன்னிரண்டரை.

மூன்று விசில் கேட்டது. ஐஸ்காரன் என்று நினைத்தேன். பிறகு தரை அதிர்ந்தது. அப்புறம்தான் சத்தம். ஒரு மூச்சு விடும் நேரம். ஓட்டுக்கூரைமேல் கல் விழுகிறது. சட். சட். சடசடசட.

"டேய், குப்புறப் படுடா! தலைய மூடு!" அம்மா கத்துகிறாள்.

மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே படுத்தேன். சேவலின் தலையை மூடினேன். என் தலை திறந்தே கிடந்தது.

"ராணுவம் எங்கம்மா?"

"ராணுவமாவது மண்ணாங்கட்டியாவது. குவாரியில வெடி வைக்கிறாங்கடா. விசிலு ஊதுனதே உங்கப்பன்தான்."

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, ஈச்சங்குட்டை. இருபத்து மூன்று வீடு. எல்லாரும் பக்கத்துப் பெரிய ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி. அன்றிலிருந்து தினம் இரண்டு வெடி. பன்னிரண்டரை. நாலரை. சுவர் விரிந்தது. கிணறு வற்றியது. ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. கண்டமங்கலம். பாண்டிச்சேரி. சென்னை. அம்மா கிளம்பவில்லை. காய்ச்சலில் போனாள். அங்கேயே இடுகாட்டில் புதைத்தோம்.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வளவனூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். சத்தத்தில் சோறு தின்கிறவன். பலூன் வெடித்தால் மேசைக்கடியில் இருப்பேன். கல்யாண வீட்டில் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்.

போன கோடையில் தெரிந்தது. குவாரி இடுகாடு வரைக்கும் விரியப் போகிறது. இடுகாட்டை விட்டுவிடச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன்.

"அங்க ஊர் இருந்ததுக்கு ஒரு தாள் கொண்டாங்க" என்றார்கள்.

தேடினேன். நிலப் பதிவேட்டில்: கல்லாங்குத்து, புறம்போக்கு. அதாவது வெறும் பாறை, அரசு நிலம். வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர்கள் பெரிய ஊரின் கீழே. பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் பெரிய ஊர். அதைச் சொன்னது நான்தான். ஈச்சங்குட்டை என்றால் டீக்கடையில் தனி கிளாஸ். அதனால் வெளியே போனால் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஊரை மறைத்தோம். நன்றாகவே மறைத்திருக்கிறோம்.

பதிவறையில் இருந்த அம்மாள் கேட்டார்.

"இன்னா சார், தினம் வந்துக்கினு கீறீங்க. இல்லாத ஊர்ல இன்னா காணாம போச்சு?"

"நான்தாம்மா."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மேல் தட்டிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை இறக்கினார். குவாரி உரிமக் கோப்பு. தூசி.

முதல் பக்கத்திலேயே ஈச்சங்குட்டை. எழுத்தில் அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்து மின்விசிறி டக்கென்று நின்றது. மேசைக்கடியில் போய்விட்டேன்.

"எந்திரிங்க சார். கரண்டுதான் போச்சு."

ஜன்னலோரம் போய்ப் படித்தேன். 'ஈச்சங்குட்டைப் புலத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை.' கீழே ஒரு சாட்சி. கைநாட்டு. பக்கத்தில் யாரோ எழுதிய பெயர். அப்பாவின் பெயர். விலாசம்: பெரிய ஊர்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். விசில் ஊதும் வேலை கொடுத்தார்கள். எனக்கு அந்தப் புது டவுசர் எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாளை மனுவோடு வைக்கவில்லை. வேறு தாள் கிடைக்கவில்லை. மனு தள்ளுபடி.

செவ்வாய்க்கிழமை ஈச்சங்குட்டைக்குப் போனேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். தனியாக. பன்னிரண்டரை. இப்போது விசில் இல்லை, சைரன்.

"யோவ் பெருசு! ஜல்தி வா இந்தாண்ட!" தூரத்திலிருந்து குவாரிக் காவல்காரன் கத்துகிறான்.

ஓடினேன். இரண்டு கையும் காலியாக.

வீடு இருபத்து மூன்று. கிணறு ஒன்று. இடுகாட்டில் மேடு, நான் எண்ணியவரை, நாற்பத்தொன்று. அம்மா அதில் ஒருத்தி. சண்டை எதுவும் நடக்கவில்லை. இங்கே வீடு இல்லை என்று எங்கள் வீட்டிலிருந்து போய் அப்பா கைநாட்டு வைத்தார்.