எப்போ தெளிஞ்சுது?

மகள்: பட்டனைத் திருகாதீங்கப்பா. அறுந்துடும்.

அப்பா: எவ்வளவு நேரம்மா இந்த பெஞ்சுலயே... போயிடலாம் வா.

மகள்: டாக்டரைப் பாக்காம நகரமாட்டேன். உங்கப்பாவுக்கு மூளை சுருங்கிடுச்சு, இனிமே உங்களையே தெரியாதுன்னு சொன்ன ஆளு. 'தப்பா சொல்லிட்டேன்'னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.

அப்பா: சொல்லி?

மகள்: சொல்லட்டும்! வெறும் தைராய்டு. ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு மாத்திரை மேல மாத்திரையா குடுத்து, நாள் பூரா தூங்க வச்சு...

அப்பா: நல்ல தூக்கம்தான்.

மகள்: உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? உங்களை உள்ள வச்சு வீட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போனேன்ப்பா. சட்டைப் பையில என் போன் நம்பரைத் தைச்சு வச்சேன்.

அப்பா: அதுவும் கோணலா.

மகள்: ...சும்மா இருங்க. ஆஸ்பத்திரி மேனேஜர் வராரு.

மேனேஜர்: உக்காருங்கம்மா. வீட்டுக்காரர் வரலையா?

மகள்: அவரு... வெளியூர்ல வேலை.

அப்பா: அதெல்லாம் எதுக்கு தம்பி? விஷயத்தைச் சொல்லுங்க.

மேனேஜர்: டாக்டர் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. வேற டாக்டர் மருந்தை மாத்தினப்புறம் பெரியவருக்கு எப்போ தெளிஞ்சுது?

மகள்: போன மாசம்தான். காலையில எழுந்து, காபி ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டினாரு.

மேனேஜர்: மருந்து மாத்தி ஒரு வருஷம் ஆகப்போகுதே! வெறும் தைராய்டுன்னா சீக்கிரமே தெளிஞ்சிருக்கணுமாம். அப்போ டாக்டர் சொன்ன நோயும் இருந்திருக்கு, எங்க மேல தப்பில்லைங்கறாரு.

மகள்: நல்லா இருக்கு உங்க நியாயம்!

மேனேஜர்: கோவப்படாதீங்கம்மா. பெரியவரே, நீங்களே சொல்லுங்களேன்.

அப்பா: எனக்கு... சரியா ஞாபகமில்ல தம்பி.

மேனேஜர்: பாத்தீங்களா? இருங்க, டாக்டரையே கூட்டிட்டு வரேன்.

மகள்: ஏம்பா இப்படிக் காலை வாரிவிடறீங்க? தினம் வேலை விட்டு வந்து, சுவத்துகிட்ட பேசற மாதிரி உங்ககிட்ட பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுக்கு ஒரு பதில் வேண்டாமா?

அப்பா: சுவரு உன் கையைப் பிடிச்சுக்குமா?

மகள்: ...என்ன சொன்னீங்க?

அப்பா: ஒண்ணுமில்ல.

மகள்: நீங்க என் கையைப் பிடிச்சது ஒரே ஒரு நாள்தான். அன்னைக்கு மழை. மருந்து மாத்தின புதுசு. அப்பா... இங்க பாருங்க. எப்போ தெளிஞ்சுது?

அப்பா: டாக்டர் வராரு போல...

மகள்: யாரும் வரல. சொல்லுங்க.

அப்பா: அன்னைக்கே தெளிஞ்சுடுச்சும்மா. அவரு வரட்டும், நானே சொல்லிடறேன். தப்பு பூரா அவரு மேலதான்.

மகள்: அவரு கிடக்கட்டும்ப்பா. என்கிட்ட ஏன் மறைச்சீங்க?

அப்பா: மாப்பிள்ளை உன்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னு அன்னைக்குத்தானே சொல்லி அழுதே... எனக்குப் புரியாதுன்னு நம்பி. புரியுதுன்னு தெரிஞ்சா, அப்புறம் யார்கிட்டம்மா சொல்லுவே?